நம்பர் அடித்த பணத்துக்கு வரி உண்டா?



ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் எங்கள் ஆசிரியர் அறையில் பாடத்திட்டத்தைவிட வருமான வரியைப் பற்றிய பேச்சே மிகுதியாக இருக்கும். பிஇ பாரத்தைத் தாளில் நிரப்புவோருக்கு ஏப்ரல் 30, இணையத்தில் நிரப்புவோருக்கு மே 15 என்று கெடு உண்டு. "புத்தகம் வாங்கிய இரசீது எங்கே?", "பிள்ளையின் பாலர்பள்ளி இரசீதைக் கறையான் அரித்துவிட்டதே!" என்று ஒரே பரபரப்பு. நான் கணிதம் கற்பிப்பவள் என்பதால், வரிக்கணக்கும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று உடன் பணியாற்றுவோர் முடிவுகட்டிவிட்டார்கள். சந்தேகங்களெல்லாம் என் மேசைக்கே வந்து சேரும்.

அப்படி வந்த கேள்விகளில் ஒன்றுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். எங்கள் பள்ளியின் இளம் ஆசிரியர் ஒருவர் தம் தந்தையின் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். தந்தை தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "டீச்சர், போன வருசம் அப்பாவுக்கு நம்பர் அடிச்சுச்சு. ரெண்டு வெள்ளி பிக், முதல் பரிசு. ஐயாயிரம். அத எந்தக் கட்டத்துல எழுதணும்?" என்று கேட்டார்.

எந்தக் கட்டத்திலும் எழுத வேண்டியதில்லை. நம் நாட்டின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் சம்பளம், தொழில், வட்டி, வாடகை போன்ற வருவாய்களுக்கே வரி விதிக்கிறது. குலுக்கலில் தற்செயலாக விழுந்த பணம் அந்த வகைகளில் அடங்காது. சிங்கப்பூரிலும் இதே நிலைதான். அங்கு நாலு நம்பரிலோ தோத்தோவிலோ வென்ற தொகைக்கு வருமான வரி கிடையாது.

இளம் ஆசிரியருக்கு நிம்மதி. எனக்குத்தான் அந்தக் கேள்வி மனத்தைவிட்டு அகலவில்லை. தேடிப் படித்தேன்.

இந்த வழக்கத்தின் வேர் பிரிட்டிஷ் சட்ட மரபில் இருக்கிறது. 1925இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. கிரகாம் என்பவர் வீட்டில் இருந்தபடியே குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டி, அந்த வருவாயிலேயே வாழ்ந்துவந்தார். வரித்துறை அவரிடம் வரி கேட்டது. பந்தயப் பணம் வாங்கும் முகவர் நடத்துவது தொழில், ஆனால் பணம் கட்டுகிறவர் செய்வது தொழிலாகாது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். அந்த நீதிபதி யார் தெரியுமா? சர் சிட்னி ரௌலட். ஆம், 1919ஆம் ஆண்டு ரௌலட் சட்டம் என்று இந்திய வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்போமே, அதற்குக் காரணமான குழுவுக்குத் தலைமை தாங்கிய அதே ரௌலட்தான். இந்தியர்கள் கொதித்தெழக் காரணமாக இருந்தவர், சூதாடிகளுக்கு மட்டும் நல்லவராக இருந்திருக்கிறார்!

ஆனால், வரி இல்லை என்பதைச் சலுகை என்று எண்ணிவிட வேண்டாம். வெற்றிக்கு வரி கேட்டால் தோல்விக்குக் கழிவு கொடுக்க வேண்டிவரும். வென்றவர்கள் சிலர், தோற்றவர்கள் பலர். எல்லாருடைய தோல்வியையும் கழித்துக்கொடுத்தால் கருவூலத்துக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆகவே அரசு வெற்றியையும் கேட்பதில்லை, தோல்வியையும் கேட்பதில்லை. இது என் சொந்தக் கருத்து. சட்டம் படித்தவர்கள் வேறு விளக்கம் சொல்லக்கூடும்.

வரி இல்லை என்பதால் சான்றும் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்காக இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். வரி வாரியம் ஒருவரை விசாரிக்கும்போது, அவருடைய சொத்துகளையும் செலவுகளையும் அவர் காட்டிய வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. "இந்த நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், "நம்பர் அடித்தது" என்று வாயால் சொன்னால் போதாது. பரிசுச் சீட்டின் நகல், பரிசு வழங்கிய நிறுவனத்தின் தாள், அன்றே வங்கியில் போட்டதற்கான பதிவு ஆகியவை கையில் இருக்க வேண்டும். அரசு ஊழியர்களாகிய நமக்கு இது இன்னும் முக்கியம். 1993ஆம் ஆண்டு நடத்தை, ஒழுங்கு விதிமுறைகளின்படி நாம் சொத்து விவரத்தை அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை அறிவித்தாக வேண்டும். இடையில் வீடோ நிலமோ வாங்கினாலும் சொல்ல வேண்டும். கள்ளத்தனமாக நம்பர் எழுதுகிறவரிடம் வாங்கி வென்ற பணத்துக்கு எந்தச் சான்றும் கிடைக்காது என்பதையும், அவ்வாறு வாங்குவதே குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வென்ற பணத்தில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் அந்த வாடகைக்கு வரி உண்டு. அது குலுக்கலில் விழுந்த பணமன்று, வருவாய்.

இன்னொன்று, பெற்றோர்கள் வீட்டிலுள்ள முதியவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய கைப்பேசிக்குப் புலனத்தில் ஒரு செய்தி வந்தது. அவருக்கு மூன்று இலட்சம் வெள்ளி பரிசு விழுந்திருக்கிறதாம். பணத்தை விடுவிக்க முதலில் 1,500 வெள்ளி "வரி" கட்ட வேண்டுமாம். பாட்டி கூட்டுப் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வங்கிக்கு அழைத்துப் போகச் சொல்லி என்னிடம் வந்தார். நம் நாட்டில் பரிசுப் பணத்துக்கு வரியே இல்லாதபோது, வரி கட்டினால்தான் பரிசு என்று சொல்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரரே. இந்த ஒரு செய்தியைத் தெரிந்து வைத்திருந்தாலே எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு தப்பும். பணத்தை அனுப்பிவிட்டுப் பிறகு விழித்துக்கொண்டவர்கள் உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையம் 2022 முதல் அந்த எண்ணில் இயங்குகிறது.

சரி, விசயத்துக்கு வருவோம். வென்றவர் வரி கட்டுவதில்லை. அப்படியென்றால் யாருமே கட்டுவதில்லையா?

இதற்கு ஆறாம் ஆண்டு மாணவர் செய்யக்கூடிய ஒரு கணக்குப் போதும். நாலு நம்பரில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள் உள்ளன. ஒருவர் பத்தாயிரம் எண்களையும் ஒவ்வொரு வெள்ளிக்கு "பிக்" வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அவர் கையிலிருந்து போவது 10,000 வெள்ளி. எல்லாப் பரிசும் அவருக்கே. முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. பத்துச் சிறப்புப் பரிசுகள், ஒவ்வொன்றும் 180 வெள்ளி வீதம் 1,800. பத்து ஆறுதல் பரிசுகள், 60 வெள்ளி வீதம் 600. கூட்டிப் பாருங்கள். 6,400 வெள்ளி. எல்லா எண்களையும் வாங்கி, எல்லாப் பரிசுகளையும் அள்ளிக்கொண்டு வந்தவருக்கே 3,600 வெள்ளி நட்டம்! "ஸ்மால்" வாங்கினால் 3,500, 2,000, 1,000 என மூன்றே பரிசுகள். கூட்டினால் 6,500. பெரிய வேறுபாடு இல்லை.

கட்டிய ஒவ்வொரு வெள்ளியிலும் அந்த 36 காசு எங்கே போகிறது? ஒரு பகுதி பந்தயத் தீர்வையாகவும் சூதாட்ட வரியாகவும் அரசுக்குப் போகிறது. மீதி கடைக்காரரின் தரகு, நிறுவனத்தின் செலவு, இலாபம். ஆகவே நம்பர் வாங்குகிறவர் வரி கட்டாதவர் அல்லர். வாரம் மூன்று முறை, புதன், சனி, ஞாயிறு என்று, வெல்வதற்கு முன்பே, தோற்றாலும் விடாமல், இரசீது கேட்காமல் கட்டிக்கொண்டிருக்கிறார். சிங்கப்பூரின் சூதாட்ட விடுதிகளில் இது வெளிப்படையாகவே நடக்கிறது. 2010இல் அவை திறக்கப்பட்டபோது குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நுழைவதற்கே 100 வெள்ளி கட்ட வேண்டியிருந்தது. 2019 ஏப்ரலில் அது 150 ஆயிற்று. உட்காரும் முன்பே, கதவருகிலேயே 150 வெள்ளி! அந்த முறையில் ஒரு நேர்மை இருக்கிறது என்பேன். கட்டுகிறவருக்குத் தாம் கட்டுவது தெரிகிறது.

இங்கே ஒரு சிறு இடைச்செருகல். திருக்குறளின் 94ஆவது அதிகாரம் சூது. அதில் வள்ளுவர் சொல்லும் கணக்கு, ஒன்றைப் பெறுவதற்கு நூறை இழப்பது. மாணவர்களுக்கு அந்த அதிகாரத்தை நடத்தும்போதெல்லாம், நம்பர் கடையின் கணக்கு அவ்வளவு கொடியதாக இல்லையே என்று எனக்குத் தோன்றும். நூறு போனால் அறுபத்து நான்கு திரும்புகிறது. ஆனால், ஒன்றுக்கு நூறு என்று இழக்கிறவன் ஒரு மாதத்தில் விழித்துக்கொள்வான். நூறுக்கு அறுபத்து நான்கு என்று இழக்கிறவன் முப்பது ஆண்டு விழித்துக்கொள்ளமாட்டான்.

அந்த அறுபத்து நான்கும் எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. 6,400இல் 4,000 முதல் மூன்று எண்களுக்கே போய்விடுகிறது. வாரம் மூன்று குலுக்கலிலும் ஐந்தைந்து எண் வாங்குகிறவர் ஆண்டுக்கு 780 எண்கள் வாங்குகிறார். அந்த மூன்று பரிசுகளில் ஒன்று அவருக்குச் சராசரியாக நான்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் கிட்டும். கிட்டாத ஆண்டுகளில் அவர் எதிர்பார்க்கக்கூடியது வெள்ளிக்கு 24 காசு. இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

இனி, வெற்றிக்கு வரி கேட்கும் நாட்டுக்குப் போவோம். என் அக்காள் மகன் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் குடியேறி, மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான். அட்லாண்டிக் சிட்டி அவன் வீட்டிலிருந்து மகிழுந்தில் இரண்டு மணி நேரத் தொலைவு. 2023இல் அங்குள்ள காசு இயந்திரத்தில் ஒருமுறை 1,800 டாலரும் இன்னொரு முறை 2,600 டாலரும் வென்றான். அப்போதைய விதிப்படி, காசு இயந்திரத்தில் ஒரே ஆட்டத்தில் 1,200 டாலரோ அதற்கு மேலோ வென்றால் விடுதி ஒரு படிவம் நிரப்பி ஒரு படியை அவனுக்கும் ஒரு படியை வரித்துறைக்கும் அனுப்பிவிடும். 2026 முதல் அந்த வரம்பு 2,000 டாலர். படிவம் வராத சிறு தொகையையும் ஒருவர் தம் கணக்கில் காட்டத்தான் வேண்டும். அங்கே சூதில் வென்ற ஒவ்வொரு டாலரும் வருமானம்.

வரிக்கணக்கு எழுதுகிறவர் அவனிடம், "தோற்ற கணக்கு வைத்திருக்கிறாயா?" என்று கேட்டாராம். தோற்ற தொகையையும் கழிக்கலாம், ஆனால் வென்ற தொகையின் அளவுக்கு மட்டுமே, அதுவும் சான்றோடு. அந்த ஆண்டு அவன் ஏறக்குறைய ஏழாயிரம் டாலர் தோற்றிருப்பதாக நினைத்தான். நினைப்புக்கு வரித்துறையில் மதிப்பில்லை. 4,400 டாலருக்கும் முழுமையாக வரி கட்டினான்.

மறு ஆண்டு ஒரு குறிப்பேடு வாங்கினான். அந்நாட்டு வரித்துறை 1977இலேயே அதற்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஆடிய நாள், ஆடிய வகை, விடுதியின் பெயரும் முகவரியும், வென்றது, தோற்றது, இவற்றோடு உடனிருந்தவர்கள் யார் என்பதையும் எழுதச் சொல்கிறது. நாளை விசாரணை வந்தால் சாட்சி வேண்டுமல்லவா, அதற்காக. அந்தக் கட்டத்தில் முதல் நாள் "தனியாக" என்று எழுதினானாம். இரண்டாம் முறையும் "தனியாக". 2024 முடிந்தபோது எண்ணிப் பார்த்தால் இருபத்து மூன்று முறை போயிருக்கிறான். இருபத்து மூன்று வரியிலும் அதே சொல். நண்பர்களோடு பொழுதுபோக்கப் போகிறேன் என்றுதான் தன் மனைவியிடமும் சொல்லியிருந்தான், தனக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். வென்றது 3,100 டாலர். தோற்றது 8,250. கழிக்க முடிந்தது 3,100 மட்டுமே. மீதி 5,150 டாலர் யாருடைய படிவத்திலும் இடம்பெறவில்லை. அவன் மனைவி மட்டும் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.

"சின்னம்மா, வரி எனக்குப் பெரிசாத் தெரியல. அந்தக் கட்டந்தான்..." என்று தொலைபேசியில் சொல்லி நிறுத்திக்கொண்டான். நானும் மேலே கேட்கவில்லை.

2026 முதல் அங்கே விதி இன்னும் இறுகியிருக்கிறது. 2025இல் இயற்றிய சட்டப்படி தோற்ற தொகையில் 90 விழுக்காட்டை மட்டுமே கழிக்கலாம். ஓர் ஆண்டில் இலட்சம் டாலர் வென்று இலட்சம் டாலர் தோற்றவன் கையில் ஒன்றுமில்லை. ஆனாலும் பத்தாயிரம் டாலருக்கு வரி கட்ட வேண்டும். நம் நாட்டிலிருந்து சுற்றுலாப் போகிறவர்கள் அங்கே காசு இயந்திரத்தில் பெரிய தொகை வென்றால் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்பார்கள். தோற்றதைக் கழிக்கும் வசதியும் வெளிநாட்டுப் பயணிக்கு இல்லை. இதற்கு விலக்களிக்கும் பொதுவான வரி ஒப்பந்தம் நமக்கும் அமெரிக்காவுக்கும் இடையே கிடையாது. இந்தியாவிலும் பரிசுச்சீட்டு வெற்றிக்கு 30 விழுக்காடு வரி, மேல்வரிகள் தனி. சீட்டு வாங்கிய செலவைக் கழிக்க முடியாது. கேரளத்தில் அரசே பரிசுச்சீட்டு நடத்துகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் தடை.

இவற்றையெல்லாம் படித்தபோது அமெரிக்கச் சட்டம் கொடுமையானது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு எண்ணம் மாறியது. வென்றவனைப் பிடிப்பதற்காக எழுதிய விதி, தோற்றவனின் கையில் ஒரு பேனாவைக் கொடுத்திருக்கிறது. நம் சட்டம் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. ஆகவே நாமும் நம்மிடம் எதுவும் கேட்டுக்கொள்வதில்லை. புத்தகக் கடை இரசீதை ஏழு ஆண்டு பாதுகாக்கிறோம், வாரியம் கேட்கும் என்று. நம்பர் சீட்டை ஏழு மணிக்கு முடிவு வந்ததும் கசக்கி எறிந்துவிடுகிறோம். பரிசு விழுந்த சீட்டு மட்டும் ஊரெல்லாம் பேசப்பட்டு நினைவில் தங்கிவிடுகிறது. "வருசத்துக்கு நாலு தடவையாவது எனக்கு அடிச்சிடும்" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அடித்த நான்கும் அவர்களுக்கு நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

என் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். 2025இல் ஐந்தாம் ஆண்டு. கெட்டிக்காரி. ஆனால், வெண்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதாமல் பக்கத்துத் தோழியின் ஏட்டைப் பார்த்து எழுதினாள். கண் பார்வைதான் காரணம் என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. தாயாரை அழைத்துப் பேசினேன். காலையில் சாலையோரம் நாசி லெமாக் விற்பவர். மூக்குக் கண்ணாடிக்கு 200 வெள்ளி ஆகும் என்றதும், "அடுத்த மாசம் வாங்கிடுறேன் டீச்சர்" என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார்.

கணவர் லாரி ஓட்டுகிறார். "குடிக்கமாட்டாரு டீச்சர், நல்ல மனுசன். நம்பர் மட்டுந்தான். அதுவும் அப்பப்ப வந்துகிட்டுதான் இருக்கு. நட்டமில்ல." இதைச் சொன்னபோது அவர் குரலில் குறை இல்லை. கணவருக்காகப் பரிந்து பேசும் பெருமைதான் இருந்தது.

அந்த அம்மாவிடம் ஏற்கெனவே ஒரு நோட்டு இருந்தது. அரிசி, தேங்காய்ப் பால், நெத்திலி, வாழையிலை என்று அன்றாட வியாபாரக் கணக்கு, பத்துக் காசு பிசகாமல். பின்பக்கத்தில் கூட்டுப் பணக் கணக்கு, யார் கட்டினார்கள், யார் எடுத்தார்கள் என்று. எத்தனை கணக்காளர்களுக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்கும்! நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சூதின் தீமைகளைப் பற்றிப் பேசினால் வந்தவர் மறுமுறை வரமாட்டார், இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் இவ்வளவாவது கற்றிருக்கிறேன். "இந்த நோட்டிலேயே இன்னும் ரெண்டு கோடு போடுங்க. நம்பருக்குப் போனது ஒன்னு, வந்தது ஒன்னு. சண்டை போட வேண்டாம், கேள்வியும் கேட்க வேண்டாம். எழுதிக்கிட்டு மட்டும் வாங்க" என்றேன்.

இன்னும் ஒன்றும் கேட்டுக்கொண்டேன். பிள்ளையிடம் நம்பர் கேட்காதீர்கள். நம் வீடுகளில் இது விளையாட்டுப்போல நடக்கிறது. "குழந்தை வாயால சொன்னா அடிக்கும்" என்று நான்கு எண் சொல்லச் சொல்வதும், பிள்ளை கண்ட கனவை விசாரிப்பதும், விபத்தில் நொறுங்கிய வண்டியின் எண்ணைக் குறித்துவரச் சொல்வதும். சட்டப்படி 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் அந்தக் கடையில் நம்பர் வாங்க முடியாது. பத்து வயதுப் பிள்ளை சொன்ன எண் தோற்றால், வீட்டில் ஏற்படும் முகச்சுளிப்பை அந்தப் பிள்ளை தன் தவறாக எடுத்துக்கொள்கிறது. இதை நான் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். அதேபோல், இந்த நோட்டைக் கூட்டிப் பார்க்கும் வேலையையும் மகளிடம் கொடுக்காதீர்கள் என்றேன். அப்பாவின் தோல்வியைக் கூட்டுவது பிள்ளைக்குரிய கணக்கன்று.

மார்ச் முதல் ஆகஸ்டு வரை ஆறு மாதம் எழுதினார். கணவர் வாய்விட்டுச் சொன்னது பாதி, சட்டை துவைக்கும்போது பையில் கிடைத்த சீட்டுகள் பாதி. கிடைக்காத சீட்டுகள் எத்தனையோ. கிடைத்த வரையில், போனது 1,014 வெள்ளி. இரண்டு முறை அடித்திருக்கிறது. ஒரு சிறப்புப் பரிசு, 180 வெள்ளி. ஓர் ஆறுதல் பரிசு, இரண்டு வெள்ளி வாங்கியதால் 120. வந்தது 300. முன்பு நினைவில் வைத்திருக்கச் சொன்னேனே, வெள்ளிக்கு 24 காசு என்று? அவருக்கு 30 காசு வந்திருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் அந்த மனிதருக்கு அது நல்ல காலம்தான்!

அந்த அம்மா நோட்டைக் கணவரிடம் காட்டியபோது அவர் முதலில் சிரித்தாராம். "ரெண்டு தடவ அடிச்சிச்சில்ல?" என்றாராம். பிறகு நோட்டை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு வரியாகப் படித்தாராம். ஒரு சில வரிகளில் தொகை குறைவாக இருக்கிறது என்று அவரே திருத்திக் கொடுத்தார் என்று சொன்னபோது அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது. திருத்திய பிறகு எவ்வளவு ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவர் நம்பர் வாங்குவதை விட்டுவிட்டார் என்று எழுதினால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். விடவில்லை. புதன்கிழமை வாங்குவதில்லை. சனியும் ஞாயிறும் தொடர்கின்றன, ஆனால் சீட்டைக் கொண்டுவந்து நோட்டுக்குள் அவரே வைத்துவிடுகிறாராம். மூக்குக் கண்ணாடி அதற்கு முன்பே, மே மாதத்திலேயே வந்துவிட்டது, நாசி லெமாக் பணத்தில். பிள்ளை இப்போது பின்வரிசையில் உட்கார்ந்தும் பலகையைப் பார்த்து எழுதுகிறாள்.

ஆண்டிறுதியில் மதிப்பெண் அட்டை வாங்க வந்தபோது அந்த அம்மா என்னிடம், "டீச்சர், நீங்க இரசீதயெல்லாம் ஏழு வருசம் வச்சிருப்பீங்களாமே. இந்த நோட்ட எத்தன வருசம் வச்சிருக்கணும்?" என்று கேட்டார். வாரியம் ஏழு ஆண்டு என்று சொல்வது வரிக் கழிவுக்கான இரசீதுகளுக்குத்தான், இந்த நோட்டை எந்தச் சட்டமும் கேட்காது என்றேன். சற்று யோசித்தார். "அப்ப கூட்டு நோட்டோடயே வச்சிடுறேன்" என்று சொல்லிவிட்டு, மதிப்பெண் அட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.